உடைய வேண்டிய போல்ட்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்களும் உங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும்.

நீங்கள் தொகுத்து அனுப்பிய, உங்கள் ஏவுகணை மையத்தின் பொன்விழா மலர் வந்து சேர்ந்தது. தாள் உயர்ந்த ரகம். படங்கள் தெளிவு. ஆனால் 'எங்கள் குடும்பங்கள்' என்ற பகுதியில், என் கணவரின் படத்துக்குக் கீழே என்னைப் பற்றி இப்படி இருக்கிறது: 'இவருடைய துணைவியார் ஒரு நாளும் ஒரு கேள்வியும் கேட்காமல், புன்னகையோடு பிரிவைத் தாங்கியவர்.' இது தவறு. நான் கேள்வி கேட்டேன். தினமும் கேட்டேன். அவர்தான் பதில் சொல்லவில்லை. புன்னகையைப் பொறுத்தவரை, அந்தக் காலத்தில் நான் புன்னகைத்ததைப் பார்த்ததாக யாராவது சத்தியம் செய்தால் அவரை நேரில் சந்திக்க விரும்புகிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் என் மகளுக்கு அந்த வரியைத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "அம்மா, இது உன்னையா சொல்றாங்க? படம் மாறிப்போச்சான்னு பாரு" என்றாள். பெற்ற பெண்ணுக்கே அடையாளம் தெரியவில்லை. அடுத்த பதிப்பில் 'கேட்டுக்கொண்டே இருந்தவர்' என்று மாற்றிவிடுங்கள். புன்னகையை எடுத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். முக்கியமானதைக் கடைசி வரியில் ஒளித்து வைப்பது கோழைகளின் வேலை என்று எங்கள் பள்ளியில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த கன்னியாஸ்திரி சொல்வார். ஆகவே நேராகவே கேட்கிறேன். மலரில் முதல் மூன்று ஏவுதல்களைப் பற்றி 'சில பாடங்கள் கற்கப்பட்டன' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். மூன்றும் கடலில் விழுந்தன என்று எனக்குத் தெரியும். அவை என் கணவரால் விழுந்தனவா? அவர் அப்படித்தான் நம்பினார். வாய் திறந்து சொன்னதில்லை. கூடவே இருந்தவளுக்குச் சொல்ல வேண்டுமா? அந்த நினைப்போடுதான் நான்கு வருடங்களுக்கு முன் போய்ச் சேர்ந்தார்.

அவர் செய்த பொருள் வேலை செய்ததா, இல்லையா? நான் தெரிந்துகொள்ள விரும்புவது இது ஒன்றுதான். இல்லை என்றாலும் தாங்கிக்கொள்வேன், புன்னகை இல்லாமல்.

உங்கள் மனைவியையும் பேரப்பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அண்ணி

*

பிப்ரவரி 25

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி ஆரம்பித்திருக்கிறது. உங்கள் கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை விடாமல் போடுகிறீர்களா?

அந்த வாக்கியத்தை எழுதிய பாவி நான்தான். எல்லா வீட்டுப் பெண்களுக்கும் நல்ல வார்த்தையாக ஒன்றைப் போட்டுவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என் மனைவி, "நல்லா வேணும் உங்களுக்கு. உங்க படத்துக்குக் கீழே எனக்கும் அதே புன்னகையைத்தானே ஒட்டியிருக்கீங்க? அதையும் கிழிச்சு எடுங்க" என்கிறாள். ஆக, இரண்டு திருத்தம்.

கூடப் பிறக்காவிட்டாலும், அண்ணனை நினைக்காத நாள் இல்லை. ஏவுவதற்கு முன் நேரத்தை இறங்குவரிசையில் சொல்லுகிற வேலை எனக்கு வந்தபோது 'கடிகாரம்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். இன்றைக்கும் பழைய ஆட்களுக்கு என் சொந்தப் பெயர் தெரியாது.

நீங்கள் கேட்ட அந்த விஷயம் மட்டும் என் கையில் இல்லை, அண்ணி. நாங்கள் எல்லாரும் வேலையில் சேர்ந்த அன்றைக்கே ரகசியக் காப்புக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள். எங்களுக்கு ஓய்வு கொடுத்தார்கள், அந்தக் கையெழுத்துக்குக் கொடுக்கவில்லை. அண்ணன் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிகாரம்

*

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். சொட்டு மருந்து போடுகிறேன். இடது கண்ணில் அழுத்தம் குறையவில்லை. வலது கண் இரண்டு பேர் வேலையைப் பார்க்கிறது.

'யாரும் குறை சொல்ல முடியாது' என்பது பதில் இல்லை. இரங்கல் கூட்டத்தில் பேசுவது.

ரகசியம் எனக்குப் புதிதல்ல. குவார்ட்டர்ஸில் புதிதாகக் குடிவந்தவர்கள், "உங்க வீட்டுக்காரர் என்ன செய்றார்?" என்று கேட்டால், "போல்ட் செய்றார்" என்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். "எந்தக் கம்பெனி போல்ட்டுங்க, எங்க கட்டிலுக்கு நாலு வேணும்" என்று ஒருத்தி கேட்டதும் உண்டு. அதை அவரிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டே, "ஊர்ல எல்லாரும் உடையாத போல்ட் செய்றான். நான் ஒருத்தன்தான் உடையற போல்ட் செய்றேன். அது கட்டிலுக்கு ஆகாது" என்றார். தன்னையே கேலி செய்துகொள்கிறார் என்று நினைத்தேன்.

இப்போது உங்கள் மலரில் இருக்கும் விளக்கப் படத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். ஏவுகணையின் முதல் அடுக்கு எரிந்து முடிந்ததும், அதை மேல் அடுக்கோடு பிணைத்திருக்கும் போல்ட்டுகள் ஒரே கணத்தில் உடைய வேண்டும். உடையாவிட்டால் மேலே இருப்பது வெறும் கூட்டைச் சுமந்துகொண்டு கூடவே விழும். கணவர் என்ன வேலை பார்த்தார் என்பதை, அவர் போன பிறகு, அம்புக்குறி போட்ட படத்தைப் பார்த்து ஒரு பெண் தெரிந்துகொள்வதைப் பற்றி உங்கள் மலரில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

நீங்கள் சொல்லாவிட்டாலும் பெண்களாகிய எங்களுக்கு ஒரு வழி இருந்தது. ஏவுதளத்துக்குப் போனதும் நீங்கள் எல்லாரும் சவரம் செய்வதை நிறுத்திவிடுவீர்கள். ஒழுங்காகப் பறந்தால் அங்கேயே மழித்துக்கொண்டு வருவீர்கள், இல்லாவிட்டால் தாடியோடு. பஸ் வந்து நிற்கும்போது நாங்கள் ஜன்னலில் முகங்களைப் பார்ப்போம். பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சமையலைக் கவனிப்போம். அவர் மூன்று தடவையும் தாடியோடு இறங்கினார். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவரை நூலகப் பொறுப்புக்கு மாற்றினார்கள். 'ஆய்வுக் குழு முடிவு' என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

நான்காவது தடவை நீங்கள் எல்லாரும் மழமழவென்று இறங்கினீர்கள். அவர் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "என்ன ஆச்சு?" என்றேன். "வேற யாரோ சரியா செஞ்சுட்டாங்க போல" என்றார். பிறகு, "காபி இருக்கா?" என்றார்.

அதற்கப்புறம் 'போல்ட்' என்ற சொல்லையே வீட்டில் எடுக்கவில்லை. கதவுத் தாழ்ப்பாளில் ஒரு திருகு கழன்றால்கூட, "யாரையாவது கூப்பிடு" என்பார். அந்தக் கையால் எத்தனை செய்திருப்பார்!

நான் கேட்டது என்ன என்று உங்களுக்கு நினைவிருக்கும்.

அண்ணி

*

ஏப்ரல் 14

தம்பிக்கு,

பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? படுத்திருந்தால் உங்கள் மனைவி ஒரு வரி எழுதட்டும். நடமாடிக்கொண்டிருந்தால் நீங்களே எழுதுங்கள்.

நான் நலம். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் திரையில் முகம் காட்டிப் பேசுகிறாள். பத்து நிமிஷம் ஆனதும் அவள் "அப்புறம்?" என்கிறாள். நான் "நீதான் சொல்லணும்" என்கிறேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அணைத்த பிறகு திரையில் என் முகம் மட்டும் தெரிகிறது. கடிதத்தில் இந்தச் சங்கடம் கிடையாது. சொல்ல ஏதாவது இருந்தால்தான் பேனா எடுப்போம்.

அண்ணி

*

மே 3

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். முழங்காலுக்காக மருத்துவரிடம் அலைச்சல். உங்கள் கண்ணுக்கு வேறு ஒரு மருத்துவரையும் பார்ப்பது நல்லது என்று என் மனைவி சொல்கிறாள்.

ஒரு நல்ல செய்தி. வருகிற ஆகஸ்டில் ஏவுதளத்தில் ஒரு சோதனை இருக்கிறது. பொன்விழா ஆண்டு என்பதால் மூத்த குடும்பத்தினரை முதல் முறையாகப் பார்வையாளர் மாடத்துக்கு அழைக்கிறார்கள். உங்கள் பெயரைத்தான் முதலில் எழுதிக் கொடுத்தேன். அனுமதியும் வந்துவிட்டது. ரயில் நிலையத்துக்கு நானே வந்து அழைத்துப் போகிறேன், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாம் விளக்குகிறேன். எதற்காக நாங்கள் வீட்டை மறந்து கிடந்தோம் என்று ஒரு தடவையாவது உங்கள் கண்ணால் பாருங்கள்.

அவசியம் வர வேண்டும்.

கடிகாரம்

*

மே 12

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அழைப்புக்கு நன்றி. படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. நல்ல புடவை ஒன்றை எடுத்து வெளியே வைத்தேன். பிறகு செய்தித்தாளைப் படித்தேன்.

உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டிருக்கிறார்கள். எதிரி ஏவும் ஏவுகணையை வானத்திலேயே வழிமறித்து அடிக்கும் புதிய ஏவுகணை ஒன்று சோதிக்கப்படும், அதற்கு இலக்காக 'பழைய ஏவுகணை ஒன்று' செலுத்தப்படும் என்று. மலரை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பழையது என்று சொல்லும்படியாக நீங்கள் செய்து வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான்.

அது அவருடையதா? பறப்பதைப் பார்க்கக் கூப்பிட்டீர்களா, அடிபடுவதைப் பார்க்கக் கூப்பிட்டீர்களா? முந்தைய கேள்விக்கே பதில் வரவில்லை. இதற்காவது எழுதுங்கள்.

புடவையை உள்ளே வைத்துவிட்டேன்.

அண்ணி

*

ஜூன் 20

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

ஆமாம் அண்ணி. அண்ணன் காலத்து ஏவுகணைதான். கிடங்கில் ஆயுள் முடியப் போகிறவற்றைப் பிரித்துப் போடுவதைவிட, இலக்காகப் பறக்கவிட்டால் ஒரு உபயோகம் என்று இப்படிச் செய்வது வழக்கம். அது ஏறுவதை நீங்கள் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. மிச்சத்தை அங்கே வந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

என் மனைவிக்கு இப்போதுதான் விஷயம் தெரிந்தது. "உங்களுக்கெல்லாம் ராக்கெட் விடத் தெரியுது, மூளை இருக்கா? புருஷன் செஞ்சதைச் சுட்டுத் தள்றதை வேடிக்கை பார்க்கப் பொண்டாட்டியைக் கூப்பிடுவாங்களா?" என்று இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

வர வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

கடிகாரம்

*

ஜூன் 27

அன்புள்ள தம்பிக்கு,

வருகிறேன்.

உங்கள் மனைவியிடம், என் பங்குக்கும் சேர்த்துத் திட்டியதற்கு நன்றி சொல்லுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன். உங்கள் புது ஏவுகணை குறி தவற வேண்டும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது தேசத் துரோகமானால் அனுமதியை ரத்து செய்துகொள்ளலாம்.

அடிபடுவதைப் பார்க்க நான் வரவில்லை. முதல் அடுக்கு கழல்வதைப் பார்க்க வருகிறேன். அதில் இருப்பது அவர் செய்த மாதிரி போல்ட்டா, பின்னால் யாரோ சரியாகச் செய்தார்களே, அவர்களுடையதா? அதற்கும் உங்கள் கையெழுத்து குறுக்கே நிற்கும் என்றால் விடுங்கள். வானத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். எனக்கு இருப்பது ஒரு கண்.

அண்ணி

*

ஆகஸ்ட் 5

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நலம் என்று எழுத முடியவில்லை. முழங்காலுக்கு அறுவை சிகிச்சை என்று நாள் குறித்துவிட்டார்கள், அதுவும் அதே வாரத்தில். தள்ளிப்போடக் கேட்டேன், மருத்துவர் மசியவில்லை. நிலையத்துக்கு ஒரு கார் வரும். ஓட்டுநர் பொறுமையானவர். தனியாக வரவைத்துவிட்டேனே என்று மனசு கேட்கவில்லை.

பார்க்க வேண்டிய இடம்: ஏறுகிற நெருப்பையே பாருங்கள், வேறு எங்கும் திரும்ப வேண்டாம். மேலே போனதும் வெள்ளையாக ஒரு புகை வளையம் விரியும். நெருப்பு அணைந்துபோன மாதிரி இருக்கும். பயப்படாதீர்கள். மறுபடி பற்றும். பற்றினால் கழன்றுவிட்டது என்று அர்த்தம்.

மற்றதைப் பிறகு பேசலாம்.

கடிகாரம்

*

ஆகஸ்ட் 24

அன்புள்ள தம்பிக்கு,

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று உங்கள் மனைவி தொலைபேசியில் சொன்னார். நிம்மதி. மருத்துவர் சொல்லும் முன் எழுந்து நடந்து பெயர் வாங்க வேண்டாம்.

போய் வந்தேன். ஓட்டுநர் நல்ல மனிதர். பாட்டின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன், நிறுத்தியே விட்டார். மாடத்தில் வரிசையாக நாற்காலிகள். மற்றவர்கள் மகன், மருமகள், பேரன் பேத்தி என்று வந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் உங்கள் பெயர் எழுதிய தாளை ஒட்டியிருந்தார்கள். யாராவது உட்கார வந்தால் "வருகிறார்" என்று பொய் சொல்லும்படி ஆகிவிடும் என்று, கைப்பையை அதன்மேல் வைத்துக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் பொறியாளர் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். இலக்கைத் தயார் செய்து கொடுக்கும் பிரிவாம். தன் வேலை முடிந்துவிட்டது, இனி வேடிக்கை பார்ப்பதுதான் என்றார்.

"நீங்க எந்தக் கட்சிம்மா? அடிக்கிற கட்சியா, அடிபடுற கட்சியா?" என்று கேட்டார்.

"அடிபடுகிற கட்சி."

"அப்போ இந்தக் கூட்டத்துல நாம ரெண்டு பேர்தான்" என்று சிரித்தார்.

காலை நேரம், வானம் துடைத்தது போல இருந்தது. முதலில் வெளிச்சம் கிளம்பியது. சத்தம் பின்னால் வந்து நெஞ்சைப் பிடித்துத் தள்ளியது. இவ்வளவு பெரியது என்று அவர் எனக்குச் சொன்னதே இல்லை. இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு நெருப்பையே பார்த்தேன். நீங்கள் எழுதியபடியே வெள்ளை வளையம் விரிந்தது. நெருப்பு அணைந்தது. "போச்சா தாத்தா? அவ்ளோதானா?" என்று ஒரு குழந்தை கேட்டது எனக்குக் கேட்டது. பிறகு பற்றியது. அதற்குக் கீழே கறுப்பாக ஒன்று புரண்டு புரண்டு கடலை நோக்கி இறங்கியது.

நான் கை தட்டினேன்.

யார் செய்த போல்ட் என்றுகூடத் தெரியாமல் தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. மாடமே திரும்பிப் பார்த்தது. முன் வரிசைப் பெரியவர் ஒருவர், "இன்னும் அடிக்கலைங்க, இப்பவே தட்டக் கூடாது" என்று எனக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னார். மற்றவர்களுக்கு முன்னால் கை தட்டுவதை எங்கள் பள்ளியில் ஒழுங்கீனம் என்பார்கள். நான் நிறுத்தவில்லை.

அந்தப் பொறியாளர் குனிந்து, "ஏம்மா, அதுக்குப் போயா தட்டுறீங்க? அது முதல் அடுக்கு. அது எப்பவும் கழண்டுக்கும். அதை யாரும் கவனிக்கறதேயில்ல" என்றார்.

"எப்பவுமா?"

"எப்பவும். அந்த போல்ட் ஒரு தடவைகூட ஏமாத்தினது கிடையாது."

"முதல் மூன்று தடவை?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா? அப்பவும் போல்ட் ஒழுங்காத்தாம்மா உடைஞ்சுது. ரெண்டு அடுக்குக்கும் நடுவுல போற ஒயரோட பிளக்தான் கழலாம பிடிச்சு இழுத்துக்கிச்சு. முதல்ல வந்த குழு அவசரப்பட்டு போல்ட் மேல பழியைப் போட்டுடுச்சு. ரெண்டாவது குழுதான் கண்டுபிடிச்சுச்சு. நாலாவது தடவை பிளக்கை மட்டும் மாத்தினாங்க. போல்ட் அதே போல்ட். இன்னிக்கு வரைக்கும் அதேதான். புதுசா வேலைக்குச் சேர்றவங்களுக்கு முதல் வகுப்பே இந்தக் கதைதான்."

"அதைச் செய்தவர் யார் என்று வகுப்பில் சொல்வார்களா?"

"அவர் பழைய ஆளும்மா. பேர் தெரியல."

நான் சொல்லவில்லை. அதற்குள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். மேலே மிகத் தொலைவில் ஊசி முனை அளவுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்து மறைந்தது. அடித்துவிட்டது. கைதட்டல் ஓய வெகு நேரம் ஆயிற்று. நான் உட்கார்ந்தே இருந்தேன். எனக்கு வருத்தமாக இல்லை. ஆச்சரியம்தான், ஆனால் வருத்தமாக இல்லை. அந்தப் பெண் யார் என்று நீங்கள் விசாரித்து அவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது.

முதல் குழுவில் நீங்களும் இருந்தீர்கள் என்று, பின்னால் குவார்ட்டர்ஸ் பெண்கள் சொல்லி எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் அதைப் பற்றியது அல்ல. அப்போது நீங்கள் சின்னவர், பெரியவர்கள் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ஆறு மாதமாக என்னிடம் மழுப்பியதைப் பற்றியும் அல்ல.

அவர் மருத்துவமனையில் இருந்த கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் வந்தீர்கள். "அண்ணி, கொஞ்சம் வெளியே இருங்க" என்று என்னை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். அத்தனை வருஷம் வெளியே நின்றது போதாது என்று, அன்றைக்கும் வெளியே நின்றேன். நீங்கள் போன பிறகு, "என்ன சொன்னார்?" என்று கேட்டேன். சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைத்தான் ஏவுதளத்திலிருந்து திரும்பிய நாள் முதல் நினைவுக்குக் கொண்டுவந்து பார்க்கிறேன். நிம்மதியான முகமா, களைத்த முகமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவரோடு இத்தனை காலம் குடித்தனம் செய்தவள் நான். எனக்குத் தெரியவில்லை.

பிரிவை விட்டு மாற்றப்பட்டவரிடமும் ஓய்வு பெற்றவரிடமும் எதையும் சொல்லக் கூடாது என்பது உங்கள் விதி. விதியை மீறுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் அன்று அந்தக் கதவுக்குள் நீங்கள் அதை மீறியிருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். வேறு எதையும் நான் இவ்வளவு விரும்பியதில்லை.

சொன்னீர்களா, தம்பி? சொல்லவில்லை என்றால் அதையே எழுதுங்கள், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எதையும் மாற்ற வேண்டாம். தொலைபேசியில் வேண்டாம், உங்கள் மனைவி மூலமும் வேண்டாம். படுத்தபடியே ஆனாலும் சரி, உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள்.

அண்ணி